விண்கலம் வரையக் கற்போம்



2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் விக்ரம் கலம் நிலவில் இறங்கிய காட்சியை வீடுதோறும் கண்டு மகிழ்ந்தோம். விண்கலத்தை வரைய விரும்பாத பிள்ளை இன்று அரிது. ஆனால், சொன்ன மாத்திரத்தில் படம் ஆக்கித் தரும் பொறிகளும் வந்துவிட்டமையால், “முயன்று வரையக் கற்பானேன்?” என்ற வினா எழுகின்றது. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நீண்ட இருப்புப்பாதையை நோக்குங்கால், இணையான தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியிற் கூடுவனபோல் தோன்றும். சமதரையில் அப்புள்ளி நம் கண்மட்டத்திலேயே அமையும். அதனை மறையும் புள்ளி என்பர். ஓவியர் பெர்ஸ்பெக்டிவ் என வழங்கும் இம்முறையை, இத்தாலி நாட்டு ஆல்பர்ட்டி 1435ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதிவைத்தார்.

இதனைக் கணினியிற் பயில்வது எளிது. இங்க்ஸ்கேப் என்னும் விலையில்லா மென்பொருளில் முப்பரிமாணப் பெட்டி வரையும் கருவி உண்டு. விக்ரம் கலத்தின் உடல் 2 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், ஏறத்தாழ 1.17 மீட்டர் உயரமும் உடையது. எனவே முதலில் ஒரு பெட்டியை வரைந்து, மறையும் புள்ளிகளை இழுத்துப் பார்க்க வேண்டும். அவற்றை நெருக்கினால் கலம் கண்ணருகே பிடித்த தீப்பெட்டிபோற் கோணலாகும். விலக்கினால் எட்ட நின்று நோக்கும் இயல்பான தோற்றம் பெறும். பின்னர் கால்கள் நான்கையும் அப்பெட்டியின் மூலைகளைப் பற்றியே அமைத்தல் வேண்டும்.

ஏவூர்தி உருளை வடிவினது. சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 ஏவூர்தியின் உயரம் 43.5 மீட்டர். தரையில் நிற்பவன் கண்ணுக்கு, அதன் உடலைச் சுற்றிய வட்டங்கள் நீள்வட்டங்களாகத் தோன்றும். கண்மட்டத்தில் உள்ள வட்டம் வெறுங்கோடாகும். மேலே செல்லச் செல்ல அது வளைவு மிகுந்து வில்போல் நிமிரும். இவ்வொன்றை அறியாதார் வரையும் ஏவூர்தி, தகரத்தை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும்.

நிலவில் இக்கலையின் தேவை இன்னும் மிகுதி. புவியில் தொலைமலை நீலம் பூத்து மங்குவது காற்றினால், நிலவிலோ காற்றில்லை. சேய்மையும் அண்மையும் ஒரே தெளிவுடன் தோன்றும். அளவு காட்ட மரமோ வீடோ இல்லை. 1971ஆம் ஆண்டு அப்பல்லோ 14இல் சென்ற ஷெப்பர்டும் மிட்செல்லும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி அலைந்து, அதற்குச் சுமார் 30 மீட்டர் அருகே சென்றும் அதனைக் காணாமலே திரும்பினர். நேரிற் சென்றவர் கண்ணே மயங்கும் இடத்தில், ஓவியனுக்குத் துணை கோடுகளின் ஒழுங்கேயன்றோ?

அவ்வொழுங்கின் ஆற்றலுக்கு அமெரிக்க ஓவியர் செஸ்லி பொனெஸ்டெல் சான்றாவார். கட்டடக்கலை பயின்ற அவர், 1944இல் சனிக்கோளை அதன் துணைக்கோள்களிலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் எனக் கணக்கிட்டு வரைந்து ‘லைப்’ இதழில் வெளியிட்டார். மனிதன் விண்ணைத் தொடுமுன்பே விண்பயணத்தை மக்கள் மெய்யென நம்பியதில் அப்படங்களுக்குப் பங்குண்டு.

படம் அத்துணை வலிமை வாய்ந்தது என்பதாலேயே அதனை ஆராயும் கண் வேண்டும். பொறி ஆக்கிய படங்கள் மெய்ப்படங்கள்போல் உலவும் காலம் இது. இணையாக இருக்கவேண்டிய விளிம்புகள் வெவ்வேறு புள்ளிகளை நாடுகின்றனவா, ஒரே ஞாயிற்றின் ஒளியில் நிழல்கள் முரண்படுகின்றனவா என்று கேட்க, வரைந்து பழகிய பிள்ளைக்குத் தெரியும். பழகாத பிள்ளை பளபளப்பைக் கண்டு வியந்து போகும். மென்பொருள் கோட்டை நேராக்கும். ஆனால் எங்கே நின்று பார்ப்பது என்பதை வரைபவரே முடிவு செய்தல் வேண்டும்.

பெற்றோர்களே, உயர்ந்த கணினி வேண்டுவதில்லை. பிள்ளைகள் முதலில் தாளில் ஒரு தீப்பெட்டியை மூன்று கண்மட்டங்களில் வரையட்டும். பிறகு கணினியில் அதனை விண்கலமாக்கட்டும். வரைந்ததைக் கண்டு “அழகு” என்று கூறி அமையாது, “நீ எங்கே நின்று இதைப் பார்க்கிறாய்?” என்று கேளுங்கள். அக்கேள்வியே நல்லாசிரியனாகும்.