சோதனை முடியாமல் கையெழுத்து இல்லை!

(மின்நிலையத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



புதிய பாய்லரில் முதலில் நெருப்பு மூட்டுவதில்லை; தண்ணீரைத்தான் நிரப்புகிறார்கள். காற்றை முழுவதும் வெளியேற்றி, வடிவமைத்த அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கிறார்கள். ஏன் தண்ணீர்? அது அழுத்தத்தில் அநேகமாகச் சுருங்காது. குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் கசியும். அழுத்தம் உடனே இறங்கிவிடும். அதே விரிசல் நீராவியில் பிளந்தால், பக்கத்தில் நிற்பவன் பிழைக்கமாட்டான்.

டர்பைனும் அப்படியே. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடவேண்டியதை வேண்டுமென்றே சுமார் 3300 வரை விரட்டி, நீராவி தானாக அடைபடுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இது நீங்கள் அறிந்ததே. பின் எங்கே தவறுகிறது? தேதியில்! திறப்பு விழாத் தேதி நெருங்கினால் முதலில் வெட்டு விழுவது சோதனைக்குத்தான்.

முதலாளியின் லாபவெறி என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் கம்யூனிஸ்டுகளாகிய நாம் கசப்பான உண்மையையும் பேசவேண்டும். முதலாளி இல்லாத சோவியத் நாட்டில், 1983 டிசம்பரில், செர்னோபில் 4-வது யூனிட் ஓடத் தொடங்கியது. வெளி மின்சாரம் நின்றால், டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும்வரை, வேகம் குறைந்துவரும் டர்பைன் பம்புகளுக்கு மின்சாரம் தருமா? இந்தச் சோதனை தேறுவதற்கு முன்பே யூனிட்டைச் சேவையில் சேர்த்துவிட்டார்கள். 1986 ஏப்ரல் 26-ந் தேதி அதிகாலை அதே சோதனையை மீண்டும் நடத்தியபோது அணு உலை வெடித்தது. உலையின் அமைப்பிலேயே குறை இருந்தது. ஓட்டுபவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் சிலவும் நிறுத்தப்பட்டிருந்தன. உடனே மாண்டவர் இருவர். அடுத்த மாதங்களில் கதிர்வீச்சு நோய்க்குப் பலியானவர் 28 பேர். நிலைய ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களுமே அவர்களில் பெரும்பாலோர்.

படிப்பினை என்ன? ஆலை பொதுவுடைமையானால் மட்டும் போதாது. குறையைச் சொல்லும் தொழிலாளியின் வாய் அடைபடக்கூடாது.

நம் நாட்டில் என்ன நடந்தது? உத்தரப் பிரதேசம் உஞ்சாஹாரில், அந்த ஆண்டே ஓடத் தொடங்கிய 500 மெகாவாட் யூனிட்டில், 2017 நவம்பர் 1-ந் தேதி பாய்லர் விபத்து. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்!

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. சோதனைப் பதிவேடு தொழிலாளர் பார்வைக்கு வரவேண்டும். சோதனை நடக்கும்போது அவசியமற்ற ஒருவர்கூட, ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, அருகில் இருக்கக்கூடாது. நடக்காத சோதனைக்குக் கையெழுத்திட மறுப்பவர்மீது நடவடிக்கை கூடாது.

திறப்பு விழாவை ஒத்திவைக்கலாம், தோழர்களே. போன உயிரை மீட்க முடியாது!