பதிமூணு வயசுக்கு என்ன புத்தகம் வாங்குவது?

(நெய்வேலியில் மாலைப்பள்ளி நடத்தும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'தலித் சிறாரும் வாசிப்புப் பண்பாடும்'. ரொம்பப் பெரிய தலைப்பு. நான் அதைச் சின்னதாக்கிக்கிறேன். மாலைப்பள்ளிக்குப் புத்தகம் வாங்க ஐயாயிரம் ரூபாய் வசூல் பண்ணி வச்சிருக்கோம். இங்க நடக்கிற புத்தகக் கண்காட்சி 1998-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கினது, பெரும்பாலும் ஜூலையில நடக்கும். பத்து சதவீதம் கழிவு உண்டு. அந்த ஐயாயிரத்துக்கு, பன்னிரண்டு வயசிலிருந்து பதினைந்து வயசு வரைக்கும் உள்ள நம்ம புள்ளைங்களுக்கு என்ன வாங்குறது? நான் பேசப்போறது இதை மட்டும்தான்.

ஏன் இந்த வயசு? பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்குப் படம் போட்ட எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பார்க்கும். பதினேழுக்கு மேல ஆனவன் நம்மகூட ஊர்வலத்துக்கு வந்துடுறான், அவனுக்கு நாம துண்டறிக்கை கொடுக்கிறோம். நடுவுல இருக்கிற மூணு நாலு வருஷத்தைப் பத்தி இயக்கம் யோசிக்கிறதே இல்லை. ஆனா சாதி யோசிக்குது. பள்ளிக்கூடத்துல கையில கலர் கயிறு ஏறுறது இந்த வயசுலதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில, பன்னிரண்டாம் வகுப்பு படிச்ச தலித் மாணவனை வீட்டுக்குள்ள புகுந்து வெட்டினவங்க கூடப் படிச்ச பசங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்குப் பிறகு அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றியில் போடும் அடையாளம் எல்லாத்தையும் பள்ளியில தடை பண்ணச் சொன்னது. கயிறை அவுக்கச் சொல்றது அரசாங்கத்து வேலை. அந்தக் கையில வேற எதைக் கொடுக்கிறதுன்னு பார்க்க வேண்டியது நம்ம வேலையும்தான். ஒன்பதாவதோட படிப்பை நிறுத்திட்டு ஒப்பந்த வேலைக்குப் போற பையனும், வயசுக்கு வந்ததும் வீட்டோட நிக்கிற பொண்ணும் இந்த வயசுதான்.

இப்ப நம்ம மன்றத்து அலமாரியில என்ன இருக்கு? போன வாரம் போய்ப் பார்த்தேன். மாநாட்டு மலர்கள் பதினொன்று. அரசியல் சட்டம். போட்டித்தேர்வு வினா வங்கி, பாடத்திட்டம் மாறிப்போன பழசு. அம்பேத்கர் நூல் தொகுதியில மூணு. எல்லாம் நல்ல புத்தகம்தான், நாம படிக்க. பதிமூணு வயசுப் பையன் சாதி ஒழிப்பு உரையைப் பிரிச்சா முதல் பக்கத்துலயே மூடி வச்சிடுவான். 1936-இல் லாகூர்ல ஒரு மாநாட்டுக்காக, படித்த பெரியவர்களுக்காகத் தயாரிச்ச பேச்சு அது. நடத்தவிருந்தவங்களே பயந்துபோய் மாநாட்டையே கைவிட்டாங்க. அதைப் பையன் கையில கொடுத்துட்டு, 'படிக்க மாட்டேங்குறான்'னு அவனைத் திட்டுறது நியாயமே இல்லை.

அதே அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தன் அனுபவங்களைச் சில பக்கங்களில் எழுதி வச்சிருக்கிறார். அதுல முதல் சம்பவம் 1901-இல் நடந்தது. ஒன்பது, பத்து வயசு அவருக்கு. கோரேகாவ்ல வேலை பார்க்கிற அப்பாவைப் பார்க்க, அண்ணன், அக்கா பிள்ளைங்களோட புதுத்துணி போட்டுக்கிட்டு ரயில் ஏறிப் போறாங்க. மசூர் நிலையத்துல கூட்டிப்போக ஆள் வரலை. நிலைய அதிகாரி அன்பாப் பேசுறார். மகர்னு தெரிஞ்சதும் அவர் முகம் மாறுது. எந்த வண்டிக்காரனும் ஏத்த மாட்டேன்றான். கடைசியில ரெட்டைக் கூலிக்கு ஒருத்தன் ஒத்துக்கிறான், ஆனா வண்டியை இவங்கதான் ஓட்டணும், அவன் நடந்து வருவான். ராத்திரி முழுக்கக் கையில சாப்பாடு இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை. எந்தப் பையனும் இதைப் பாதியில வைக்க மாட்டான். வண்டி போய்ச் சேருமா சேராதான்னு தெரியணும் அவனுக்கு. இதையும் மற்ற சம்பவங்களையும் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்கிற கோண்டு ஓவியர்கள் வரைஞ்ச 'பீமாயணம்' 2011-இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்குது. விலை கொஞ்சம் கூடத்தான். ஒரு படி வாங்குங்க. அது கிழியும், கிழியட்டும்.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' தெரியுமா? சின்னப் புத்தகம். 1893-இலேயே 'பறையன்' என்று பேர் வச்சுப் பத்திரிகை நடத்தின மனுஷன். அவர் கோயம்புத்தூர்ல படிக்கிறப்ப, சாதி தெரிஞ்சிடுமோன்னு மத்த பசங்களோட விளையாடாம, மணி அடிக்கிற வரைக்கும் வெளிய எங்கேயாவது உட்கார்ந்து படிச்சிட்டு, அடிச்ச பிறகு வகுப்புக்குள்ள போவாராம். நம்ம பசங்கள்ல எத்தனை பேர் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துல 'நீ எந்த வட்டம்?'னு யாராவது கேட்டா பேச்சை மாத்துறாங்க? வட்டம் இல்லை, குடியிருப்புக்கு வெளிய இருக்கிற காலனின்னு சொல்ல வாய் வரலை. அந்தப் பையனுக்கு வட்டமேசை மாநாட்டுக்குப் போன தாத்தாவைவிட, மணி அடிக்கக் காத்திருந்த தாத்தாதான் கிட்டத்து உறவு.

இன்னொண்ணு, சிரிப்பு. தலித் இலக்கியம்னாலே புலம்பல்னு ஒரு பொதுப்புத்தி உருவாகியிருக்கு. ஆதிக்கச் சாதி விமர்சகர் மட்டும் இதைச் சொல்லலை, நாமளும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். எந்தக் கதையில நம்ம ஆள் அதிகமா அடிபடுறானோ அது சிறந்த கதை. பதிமூணு வயசுல தினம் தினம் அடிபடுற பிம்பத்தையே பார்த்தா அந்தப் பிள்ளை அதுலேருந்து தப்பிச்சு ஓடத்தான் பார்க்கும். பாமாவோட 'கருக்கு' 1992-இல் வந்தப்ப எல்லாரும் வலியைப் பத்திதான் பேசினாங்க. ஆனா அதுல பள்ளிக்கூடம் விட்டு வர்ற சின்னப் பொண்ணு, ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையில படாம நூலைப் பிடிச்சுத் தூக்கிட்டு நடக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கலை. அவர் ஏன் அப்படித் தூக்கினாருன்னு சொல்றான். இதை மாலைப்பள்ளியில சத்தமா வாசிச்சுப் பாருங்க. முதல்ல பசங்க சிரிப்பாங்க, பிறகு அமைதியாவாங்க. எந்த உரையாலும் அதைச் செய்ய முடியாது. 'கிசும்புக்காரன்' தொகுப்பையும் சேர்த்து வாங்குங்க. நம்ம தெருவுல ஆண்டையைக் கிண்டல் பண்ற ஒரு தாத்தாவாவது இல்லாம இருக்காரா? கே.ஏ. குணசேகரனின் 'வடு'வும் அப்படித்தான். 2005-இல் வந்த தன்வரலாறு. பசியும் பாட்டும் கலந்து கிடக்கும். குறைஞ்ச பக்கம், பேச்சு மாதிரி ஓடும்.

படக்கதையைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. எங்க தெரு சலூன்ல கிழிஞ்சுபோன ராணி காமிக்ஸ் படிச்சுத்தான் எனக்கு வேகமா வாசிக்க வந்தது. பாடப்புத்தகம் எனக்கு அதைக் கத்துக்கொடுக்கலை. சிவகாசியிலேருந்து 1972-இல் தொடங்கின முத்து காமிக்ஸ், அதன் இரும்புக்கை மாயாவி, இதெல்லாம் எங்க சித்தப்பா தலைமுறையை வாசிக்க வச்சது. ஏகாதிபத்திய உளவாளிக் கதைன்னு ஒரு தோழர் சொன்னார். சரிதான். அவரும் சின்ன வயசுல அதைப் படிச்சிட்டு வந்துதான் அப்படிச் சொல்றார்.

புராணப் படக்கதை வேற விஷயம். கறுப்பா, கொம்போட, பல்லோட இருக்கிறவன் அசுரன். வெளுப்பா இருக்கிறவன் தேவன். ஏகலைவன் கட்டைவிரலை வெட்டிக்கொடுத்தது குருபக்தி. இதை வாங்க நம்ம காசு வேண்டாம். அது பள்ளிக்கூட நூலகத்துலயே இருக்கும், பூட்டின பீரோவுக்குள்ள. சாவி ஒரு ஆசிரியர்கிட்ட, அவர் மாறுதல்ல போயிருப்பார். (அரசுப் பள்ளியில எல்லாமே மோசம்னு சொல்லலை. 2022-லிருந்து பள்ளிக்கல்வித் துறை ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கு 'தேன்சிட்டு' இதழ் கொடுக்குது. 2023-இல் தொடங்கின வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' குறுநூல்கள் நல்ல படத்தோட வந்திருக்கு. சரளமா வாசிக்கத் தடுமாறுற எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதுலேருந்து ஆரம்பிங்க. அவனுக்குத் தடித்த நாவல் தண்டனை.)

இப்ப எல்லாரும் சண்டை போடுற இடத்துக்கு வர்றேன். பூமணியோட 'வெக்கை', 1982-இல் வந்த நாவல். சிதம்பரம், பதினைந்து வயசுப் பையன். அண்ணனைக் கொன்ன வடக்கூரானை வெட்டிட்டு ஓடுறான். பதினாலு வயசுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா? போன கூட்டத்துல ஒரு தோழர், 'அருவாளைக் கையில கொடுக்கிற மாதிரி'ன்னு சொன்னார். அக்கறையில சொன்னார். ஆனா பசங்க எல்லாரும் 2019-இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்த்திருக்காங்க. அந்த நாவலிலிருந்து எடுத்ததுதான். படத்துல அருவாளுக்குப் பின்னணி இசை உண்டு, கைதட்டல் உண்டு. நாவல்ல அது கிடையாது. கையை வெட்டணும்னுதான் பையன் நினைச்சான், உயிரே போயிடுச்சு. பிறகு முழுக்க அப்பனும் மகனும் காட்டுல, ஓடையில, கரட்டுல ஒளிஞ்சு திரியுறதுதான் கதை. எங்க தூங்குறது, எதைச் சுட்டுத் திங்குறது, அம்மா எப்படி இருக்கா, தங்கச்சி அழுவாளா. கடைசியில கோர்ட்டில் சரணடையக் கிளம்புறாங்க. ஒரு வெட்டுக்குப் பிறகு ஒரு குடும்பம் எப்படிச் சிதறுதுன்னு அந்த வயசுப் பையன் கண்ணாலயே காட்டுற வேற நாவல் நான் படிச்சதில்லை. வன்முறையைத் தூண்டும்னு சொல்றவங்க படத்தை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறாங்க. என் கட்சி, கொடுக்கணும். படிச்சு முடிச்ச அன்னிக்குப் பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்து, 'சிதம்பரம் வேற என்ன செஞ்சிருக்கலாம்?'னு கேட்டு, அவன் சொல்றதைக் கடைசி வரைக்கும் கேக்கணும். பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு நம்மகிட்டயே சுலபமான பதில் இல்லைங்கிறது அவனுக்குத் தெரியட்டும்.

இதைவிட எனக்கு யோசனையா இருக்கிறது இரா. நடராசனின் 'ஆயிஷா'. நம்ம கடலூர்க்காரர், ஆசிரியர். மிகச் சின்னப் புத்தகம், ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் படிச்சு அழுதது. கேள்வி கேட்டு அடிவாங்குற மாணவி, அடி வலிக்காம இருக்கத் தானே மருந்து ஏத்திக்கிட்டுச் சாகிறாள். பள்ளிக்கூடத்துல தனியா நிக்கிற ஒரு பொண்ணு கையில அதைத் துணையில்லாம கொடுக்க மாட்டேன். அதை ஆசிரியர்களுக்குக் கொடுங்க.

பொண்ணுங்களைப் பத்திச் சொல்லணும். நான் உட்கார்ற பேங்க் கவுண்டருக்கு மகளிர் குழுப் பெண்கள் வருவாங்க. கூடவே பள்ளிக்கூடச் சீருடையில ஒரு பொண்ணு. எட்டுப் பேருக்கும் செலான் அதுதான் எழுதும், யார் கையெழுத்து, யார் கைநாட்டுன்னு அதுதான் சொல்லும். அதிகாரிகிட்டப் பயப்படாம பேசும். 'என்னம்மா படிக்கிற?'ன்னா 'எட்டாவது சார்'. 'கதைப் புத்தகம்?'ன்னா சிரிக்கும், 'எங்க சார் நேரம்?'. நம்ம மாலைப்பள்ளி ஆறு மணிக்கு. ஆறு மணிக்குத்தான் தண்ணி வரும், அடுப்பு எரியும். அந்தப் பொண்ணு ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி புத்தகம் இருக்கணும். கையடக்கமா, எழுத்துப் பெருசா, அத்தியாயம் சின்னதா. சிங்கிஸ் ஐத்மாத்தவ்வின் 'முதல் ஆசிரியர்', பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பு, அதுக்குன்னே எழுதின மாதிரி. கிர்கீசியக் கிராமத்துல அரைகுறையா எழுதப்படிக்கத் தெரிஞ்ச துய்ஷேன் குதிரைக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்குறான். குளிர்காலத்து ஓடையில பிள்ளைகளைத் தூக்கிக் கரையேத்துறான். பெற்றோர் இல்லாத அல்தினாயைக் கட்டாயக் கல்யாணத்துலேருந்து மீட்டுப் படிக்க அனுப்புறான். சோவியத் போயிடுச்சு, அல்தினாய் இங்க இருக்கா. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இன்னொண்ணு. நாம பேசக் கூச்சப்படுற தொடுதல் விஷயத்தைச் சின்ன வயசுக்குப் புரியுற மாதிரி பேசுது. பையன்களும் படிக்கணும்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பட்டியல்ல வருமா? எழுதினவர் தலித் இல்லையேன்னு கேப்பீங்க. அந்த விவாதம் நமக்குள்ள நடக்கட்டும், நானும் வர்றேன். பண்ணையத்துல ஆடு மேய்க்கிற கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, இவங்க ஆட்டமும் பாட்டமும் திருட்டும் சண்டையும் வேற எங்க இருக்கு? முதல் பாதியைச் சத்தமா வாசிங்க. முடிவு கனமானது, அதைப் பதினைந்து வயசுக்கு விடுங்க. இமையம் நம்ம விருத்தாசலம் பக்கத்துப் பேச்சுலயே எழுதுறவர். 'வூட்டுல'ன்னு அச்சுல பார்த்தா நம்ம பசங்களுக்கு முதல்ல சிரிப்பு வரும். எழுத்துப்பிழைன்னு ஒருத்தன் பேனாவால திருத்தியே வச்சிருந்தான்! அவனுக்குப் பள்ளிக்கூடம் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கு. 'பெத்தவன்' கதையை அவன்கிட்டக் கொடுத்து, திருத்தாம படிக்கச் சொல்லணும்.

கண்காட்சிக்குப் போறப்ப நாம மட்டும் போகக் கூடாது. நாலு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவோம், ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு. எடுத்த புத்தகத்தோட முதல் பக்கத்தை அங்கேயே நின்னு படிக்கட்டும். ரெண்டாம் பக்கத்தைத் தானா திருப்பினா வாங்கலாம். ஆயிரம் ரூபாயை முழுசா அவங்க விருப்பத்துக்கு விடணும். பேய்க்கதை எடுத்தாலும் பில் போடணும். முன்னேற்ற நூல், 'வெற்றிக்குப் பத்து வழி' பக்கம் நாம இழுக்கக் கூடாது. கடன் வாங்கினவன் மாதிரி தினம் உழைக்கிற அப்பன் இருக்கிற வீட்டுல, உழைச்சா ஜெயிக்கலாம்னு புத்தகம் வந்து சொல்லத் தேவையில்லை.

பதிவு நோட்டுப் பத்தி ஒரு தோழர் கேட்டார்: புத்தகம் திரும்பி வரலைன்னா? பேங்க்ல இருக்கிறவன்கிட்டக் கேக்குறீங்க, வராக்கடன்னு ஒரு கணக்கே வச்சிருக்கோம். பேர், புத்தகம், தேதி, அவ்வளவு போதும். அபராதம் வேண்டாம். பாதியில நிறுத்தினா எந்தப் பக்கத்துல நிறுத்தினாங்கன்னு மட்டும் குறிச்சு வைங்க. அடுத்த வருஷம் வாங்குறப்ப எனக்கு அந்த நோட்டு வேணும்.