முன்னச்சு ஒன்றாகவே இருக்கட்டும்!

2012-லேயே வால்வோ கம்பெனி பெரிய லாரிக்கு முன்சக்கரங்களைத் தனித்தனியா ஆட விட்டுடுச்சுன்னு எதிரணி நண்பர் முழங்கினார். உண்மைதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது ஆடாது, சுகமான சவாரி. ஆனா எந்த ரோட்டுல?

என் அப்பா 30 வருஷம் லாரி ஓட்டினவர். நடுராத்திரி ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சா, ரோட்டோரப் பட்டறையில் ஜாக்கி வைத்து, யூ போல்ட்டைக் கழற்றி, வேறு பட்டை மாட்டி, விடியறதுக்குள்ள கிளம்பிடுவார். தனித்தனி அமைப்பில் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், பால் ஜாயிண்ட், புஷ்னு எத்தனை மூட்டு! நம்ம முழங்கால் மூட்டு ரெண்டையே நம்மால காப்பாத்த முடியலை! (சிரிப்பு)

டயரைப் பாருங்க. லோடு ஏறினாலும் இறங்கினாலும் ஒற்றை அச்சில் சக்கரத்தின் சாய்வு மாறாது. தனித்தனியா இருந்தா, வண்டி அமுங்கும்போது சாய்வு மாறப் பார்க்கும். டயர் ஓரம் தேயும். தேயறது டயர் இல்லீங்க, பிள்ளைங்க ஸ்கூல் பீஸ்! (கைதட்டல்)

"டிரைவர் முதுகு என்னாகும்?"னு எதிரணி அம்மா கேட்டாங்க. அப்பா முதுகுக்குத் தைலம் தேய்ச்ச கைதாம்மா இது. அதுக்கு நல்ல சீட்டைப் போடுங்க, கேபினுக்கு அடியில் ஸ்பிரிங் வையுங்க. அச்சில் கை வைக்காதீங்க.