பொற்கோட்டைக்குப் போகிறவர்கள் அறியவேண்டியவை

பாலை என்ற சொல்லைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், பழந்தமிழ்ப் புலவர் பாடிய பாலை, குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் வளம் குன்றி வறண்ட நிலமேயன்றி, ஆண்டு முழுவதும் மணல் பரந்து கிடக்கும் வெளி அன்று. அத்தகைய மணல்வெளியைக் கண்ணாற் காண விரும்பும் இலங்கையர் அரேபியாவரை செல்லவேண்டுவதில்லை. இந்தியாவின் மேற்கெல்லையை அடுத்து, இராஜஸ்தான் மாநிலத்தின் தார்ப் பாலைவனத்திலே, ஜெய்சல்மேர் என்னும் கோட்டை நகரம் இருக்கிறது. மாலைவெயில் சாயும் வேளையில் அதனைத் தொலைவிலிருந்து நோக்குபவர், தரையிற் கிடந்த மணலே எழுந்து மதிலாகி நின்றதோ என மயங்குவர். மஞ்சள் நிற மணற்கல்லாற் கட்டப்பட்ட அக்கோட்டைக்குப் பொற்கோட்டை என்றே பெயர் வழங்குகிறது.

அங்கே செல்லக் கருதும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உள. அவற்றுட் பல பிரயாணியின் சுகத்தைப் பற்றியவை. ஒன்று மட்டும் கோட்டையின் ஆயுளைப் பற்றியது. முன்னவற்றை முதலிலும் பின்னதை இறுதியிலும் கூறுதல் முறையாகும்.

முதலில் நகரத்தின் வரலாற்றைச் சிறிது அறிவது நன்று. பாட்டி இராசபுத்திரர் குலத்து மன்னனான இராவல் ஜெய்சல், தன் பழைய தலைநகராகிய லோதுர்வாவை விட்டு, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திரிகூடம் என்னும் குன்றின்மேல் 1156ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினான். இந்தியாவையும் மேற்கு நாடுகளையும் இணைத்த ஒட்டகச் சாத்துகள் இவ்வழியே சென்றன. அவை செலுத்திய சுங்கத்தினால் அரசு வளர்ந்தது. வாணிகத்தால் வணிகர் வளர்ந்தனர். பின்னர்ப் பம்பாய்த் துறைமுகம் ஓங்கவே, தரைவழி வாணிகம் தளர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் மேற்கே செல்லும் பாதைகள் அடைபட்டன. அதன்பின் இந்நகருக்கு மீண்டும் பிழைப்பைக் கொண்டுவந்தவர், காட்சி காண வருகின்ற பிரயாணிகளே. ஒருகாலத்தில் சாத்துகளை எதிர்நோக்கியிருந்த ஊர், இன்று விருந்தினரை எதிர்நோக்கியிருக்கிறது.

இனிக் காலம். ஒக்டோபர் முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே பயணத்துக்கு உகந்தவை. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறும்; புழுதிக்காற்றும் வீசும். அப்பொழுது முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வது தகாது. பாலைவனம் என்றால் எந்நேரமும் வெப்பம் என்று எண்ணிக் கம்பளி உடையைக் கொண்டுசெல்லாதவர் மார்கழி, தை மாதத்து இரவுகளில் மிகவும் வருந்துவர். மணல் பகலிற் கொண்ட வெம்மையை இரவில் விரைந்து விட்டுவிடும். ஆகவே, பகலுக்கு மெல்லிய பருத்தி ஆடையும் தலையை மூட ஒரு துணியும், இரவுக்குக் கம்பளிச் சட்டையும் போர்வையும் வேண்டும்.

இலங்கையிலிருந்து செல்பவர்க்குக் கடவுச்சீட்டுடன் இந்திய விசாவும் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. டில்லிவரை விமானத்திற் சென்று, அங்கிருந்து இரவும் பகலுமாகப் புகையிரதத்தில் ஜெய்சல்மேரை அடைவது ஒரு வழி. ஜோத்பூரில் ஒரு நாள் தங்கி, அந்நகரின் மெஹ்ரான்கர் கோட்டையையும் கண்டு, மறுநாள் ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் சென்றடைவது மற்றொரு வழி. உடல் வலிமை குறைந்தோர்க்கு இரண்டாவதே நன்று. குளிர்காலத்தில் கூட்டம் மிகுதியாதலால் படுக்கை ஆசனங்களைப் பல நாட்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளவேண்டும். சாளரம் திறந்துள்ள பெட்டியிற் செல்பவர், மணல் உள்ளே வந்து படிவதைக் காண்பர். பெட்டி படுக்கைகளை ஒரு துணியால் மூடிவைப்பது உதவும்.

புகையிரத நிலையத்திலே தரகர் பலர் சூழ்ந்து நிற்பர். பிரயாணி குறித்துவைத்திருக்கும் விடுதி மூடப்பட்டுவிட்டது என்று ஒருவர் கூறுவார். மிகக் குறைந்த வாடகைக்கு அறை தருவதாக மற்றொருவர் கூறுவார். அக்குறைந்த வாடகை, ஒட்டகச் சவாரியை அதிக விலைக்கு விற்பதற்கான தூண்டில் என்பது பின்னரே தெரியவரும். தங்குமிடத்தை முன்கூட்டியே முடிவுசெய்து, அவ்விடுதியாரையே வாகனம் அனுப்புமாறு கேட்டுக்கொள்பவர்க்கு இத்தொல்லை இல்லை.

கோட்டையைக் காண்பதற்குக் காலை வேளையே சிறந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து ஏறும் வழியில் அகைப் போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவாப் போல் என நான்கு வாயில்கள் உள்ளன. போல் என்பது அவர்கள் மொழியில் வாயிலைக் குறிக்கும். பகைவரின் யானை வேகமாக வந்து கதவை முட்டாதபடி வழியைத் திருப்பித் திருப்பி அமைத்த உபாயத்தை அங்கே காணலாம். கல் பாவிய அப்பாதை பல நூற்றாண்டுக் காலடிகளால் தேய்ந்து வழுக்கும். ஆகவே, அடியிற் பிடிப்புள்ள சப்பாத்து அணிவது நல்லது.

மேலே ஏறியதும், பெரும்பாலான கோட்டைகளில் இல்லாத ஒரு காட்சி தோன்றும். அங்கே குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பெண்கள் முற்றம் கூட்டுகின்றனர். வாயிற்படியில் முதியவர் ஒருவர் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார். சில ஆயிரம் மக்கள் இன்றும் மதிலுக்குள்ளே குடியிருக்கின்றனர். ஆகையால், அது அரும்பொருட் கூடம் அன்று. பிறர் வாழும் வீடு. கேளாமல் ஒருவரைப் படம் பிடிப்பதும், திறந்திருக்கும் கதவின் வழியே எட்டிப் பார்ப்பதும், இரவிற் சந்துகளில் உரக்கப் பேசுவதும் தம் ஊரில் தகாதவை எனின், அங்கும் தகாதவையே.

கோட்டைக்குள் அரண்மனையும், 12ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை எழுந்த சமணக் கோயில்களும் உள்ளன. கோயில்களுட் பிற சமயத்தார் முற்பகலிலேயே அனுமதிக்கப்படுவர். ஆதலால் அவற்றை முதலிற் கண்டு, அரண்மனையைப் பின்னர்க் காண்பது தக்கது. தோலாற் செய்த இடைவார், பணப்பை ஆகியவற்றைக் கோயிலுக்குள் கொண்டுசெல்லலாகாது. சமணர் தமிழுக்குத் தந்த காப்பியங்களையும் நீதிநூல்களையும் அறிந்த நேயர், அக்கோயில்களைச் சேர்ந்த ஞானபண்டாரத்தின் முன் சற்று நேரம் நிற்பர். 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி என்னும் சமண ஆசாரியர் அமைத்த அந்நூல்நிலையத்தில், பழைய ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஈரமும் கறையானும் நம் நாட்டில் அழித்துவிட்ட ஏடுகளை எண்ணுவோர்க்கு, பாலைவனத்தின் வறட்சியும் ஒருவகைச் செல்வம் என்பது அங்கே விளங்கும்.

கோட்டைக்குக் கீழே, நகரத்தில், வணிகரும் அமைச்சரும் கட்டிய மாளிகைகள் உள்ளன. பட்வா குடும்பத்தார் 1805ஆம் ஆண்டு முதற் கட்டுவித்த ஐந்து மாளிகைகள் அவற்றுட் புகழ் பெற்றவை. கல்லை மரம்போற் செதுக்கிய பலகணிகளைப் பார்க்கப் பிற்பகல் வெளிச்சம் உகந்தது. நத்மல் மாளிகையின் வலப்பக்கத்தை ஒரு சிற்பியும் இடப்பக்கத்தை அவர் உடன்பிறந்தாரும் செதுக்கினர் என்பர். முதற் பார்வையில் ஒன்றுபோலத் தோன்றும் அவ்விரு பக்கங்களும் கூர்ந்து நோக்கினால் வேறுபடும். பிள்ளைகளுடன் செல்பவர், அவ்வேறுபாடுகளை அவர்களையே எண்ணச் சொல்லலாம்.

உணவில் நம்மவர்க்குப் பெரிய இடர் இல்லை. மரக்கறி உணவு எங்கும் கிடைக்கும். கம்பு மாவு ரொட்டியும், கேர், சாங்கிரி என்னும் பாலைவனக் காய்களாற் செய்த கறியும் அவ்விடத்துக்கே உரியவை. மழையின்றியும் தழைக்கும் செடிகொடிகளிலிருந்து ஒரு சமையலையே உண்டாக்கிய மக்களின் சாமர்த்தியத்தை அவ்வுணவு காட்டும். நீரை மட்டும் காய்ச்சியதாகவோ முத்திரை உடையாத போத்தலிலோ அருந்தவேண்டும்.

மணற்குன்றுகளைக் காண்போர் பெரும்பாலும் 40 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள சாம் என்னும் இடத்துக்குச் செல்வர். மாலையில் அங்கே ஜீப் வண்டிகளும் கூட்டமும் மிகுதி. அமைதியை நாடுவோர் தென்மேற்கிலுள்ள கூரி என்னும் சிற்றூரை நாடலாம். ஒட்டகச் சவாரிக்கு உடன்படுமுன், எத்தனை மணி நேரம், எவ்வுணவு, எத்தனை போர்வை, எவ்வளவு குடிநீர் என்பவற்றையெல்லாம் கேட்டுத் தெளியவேண்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். அமர்ந்திருப்பவர் முன்னோக்கிச் சரிவர். அப்பொழுது பின்னே சாய்ந்து சேணத்தை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். பழக்கமில்லாதவர்க்கு இரண்டு மணி நேரச் சவாரியே போதும். அதற்குமேல் மறுநாள் நடக்கவும் இயலாது. எல்லையை அண்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவர் முன் அனுமதியின்றிச் செல்லலாகாது. இராணுவ நிலைகளைப் படம் பிடித்தலும் கூடாது.

இறுதியாகக் கூறவேண்டியது தண்ணீரைப் பற்றியது. ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. வறண்ட பகுதிகள் என்று நாம் கருதும் மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் பெய்யும் மழை அதனினும் நான்கைந்து மடங்கு ஆகும். அதனால் அந்நாட்டு மக்கள் ஒவ்வொரு துளியையும் எண்ணி வாழ்ந்தனர். நகருக்கு வெளியேயுள்ள கடிசர் ஏரி, 14ஆம் நூற்றாண்டில் மன்னன் கட்சியாற் சீரமைக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிற் குழாய்நீர் வரும்வரை நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது. பெண்கள் அங்கிருந்து குடத்திற் சுமந்து, அக்குன்றின்மேல் ஏறினர். சுமந்து ஏற்றிய நீரை எவரும் வீணே கொட்டமாட்டார். கோட்டையில் விழும் மழைநீரோ, அதற்கென அமைந்த வடிகால்களின் வழியே குன்றைவிட்டு வெளியேறிவிடும். ஆகவே, குன்றின் உட்பகுதி எண்ணூறு ஆண்டுகள் உலர்ந்தே இருந்தது.

அக்குன்றோ கருங்கல் அன்று. மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காய் அமைந்த மெல்லிய பாறை அது. மதிற்கற்களும் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கப்பட்டவை. குழாய்நீர் வந்தபின் நிலைமை மாறியது. பழைய வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாயின. அறைதோறும் குளியலறை அமைந்தது. ஒருவர் செலவிடும் நீர் பன்மடங்கு பெருகிற்று. அக்கழிவுநீர் கசிந்து நிலத்துள் இறங்கிக் களியை இளக்கியது. 1990களிலிருந்து மதிலின் பகுதிகளும் சில கொத்தளங்களும் சரிந்துள்ளன, உயிர்ச்சேதமும் நிகழ்ந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் அக்கோட்டையை ஆபத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013ஆம் ஆண்டில் இராஜஸ்தானின் வேறு ஐந்து கோட்டைகளுடன் அது உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. வடிகால்களைச் செப்பனிடும் பணிகள் நடந்துள்ளன. எனினும் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பெருமழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் சரிந்தது.

இதற்குப் பிரயாணி செய்யக்கூடியது யாது? கோட்டைக்குள்ளிருக்கும் விடுதியில் தங்காமல், கீழேயுள்ள நகரத்தில் தங்குவதே அது. மதிலின் உச்சியிலிருந்து வைகறையைக் காணும் ஆசை எவர்க்கும் உண்டாகும். ஆனால், கோட்டையின் முழு அழகும் அதற்கு வெளியே நிற்பவர்க்கே தெரியும். கீழுள்ள விடுதியின் மேல்மாடத்திலிருந்து காலையிலும் மாலையிலும் அதனை நன்கு காணலாம்.

அவ்வாறாயின் உள்ளே விடுதி நடத்தும் குடும்பங்கள் என் செய்யும் என்ற வினா எழும். அது நியாயமான வினாவே. வாணிகம் மடிந்தபின் அவர்களுக்குக் கிடைத்த பிழைப்பு அது. அவர்கள் செய்தது பிழையும் அன்று. வந்த விருந்தினர் கேட்டதையே அவர்கள் கொடுத்தனர். எனவே, பிரயாணி அவர்களைப் புறக்கணித்தல் வேண்டா. பகலில் அங்கே உணவருந்தலாம். அவர்கள் விற்கும் துணிமணிகளை வாங்கலாம். அவ்வூரவர் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்தலாம். பணம் மதிலுக்குள்ளே செல்லட்டும். குளிக்கும் நீர் மதிலுக்கு வெளியே நிற்கட்டும். ஏதோ காரணத்தால் உள்ளே தங்க நேர்ந்தவர், ஒரு வாளி நீரோடு குளியலை முடித்துக்கொள்வாராக. அந்த ஒரு வாளியை ஒரு காலத்திற் குடம் குடமாய்த் தலையிற் சுமந்து ஏற்றினார்கள் என்பதை நினைத்தால் அது கடினமாகாது.

அக்கோட்டையின் மதிலில் 99 கொத்தளங்கள் உண்டு. அவற்றைக் கட்டியவர்கள் பகைவரின் படையை எண்ணியே கட்டினார்கள். நண்பராய் வருகின்றவரால் நேரும் தீங்கைத் தடுக்க அவர்களிடம் கொத்தளம் இல்லை. அதனைத் தடுக்கும் பொறுப்பு, அங்கே செல்லும் நண்பர்க்கே உரியதாகும்.