விதையோடு சேர வேண்டிய விவரம்



புதுதில்லி பூசா வளாகத்தில் தேசியத் தாவர மரபணு வளப் பணியகம் இருக்கிறது. 1976-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்குள்ள தேசிய மரபணு வங்கியில் இன்று நாலரை லட்சம் விதை மாதிரிகளுக்கு மேல் உள்ளன. விதையை நன்றாக உலர்த்தி, அலுமினிய உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கிறார்கள். அத்தோடு வேலை முடிவதில்லை. குளிரிலும் விதைக்கு வயதாகும். அவ்வப்போது சில மணிகளை எடுத்து முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். முளைப்புத்திறன் குறைந்திருந்தால் வயலில் விதைத்து, வேறு ரகம் கலந்துவிடாமல் அறுத்து, புது விதையை உறையிலிட வேண்டும். மாவும் பலாவும் இந்த முறைக்கு ஒத்துவருவதில்லை. உலர்த்தினால் அவற்றின் விதை செத்துப்போகும்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்போருக்கு ஒரு நெல்லின் கதையைச் சொல்வேன்.

ஒடிசாவின் தாழ்நிலங்களில் வெள்ளம் வயலை மூழ்கடித்துப் பல நாள் நிற்கும். முழுக்க மூழ்கிய சாதாரண நெற்பயிர் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்ட அவசரமாக வளரும். சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதில் தீர்ந்து மடியும். அங்குள்ள உழவர்களிடம் இருந்த ஒரு ரகம் அப்படிச் செய்யாது. வளர்ச்சியை அடக்கிக்கொண்டு வெள்ளம் வடியும்வரை பொறுத்திருக்கும். அதிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே எஃப்ஆர் 13ஏ. விளைச்சல் குறைவு என்பதால் சந்தைக்கணக்குப் பார்ப்பவர் அதைத் தொட்டிருக்கமாட்டார். சேமிப்பில் இருந்ததால் பிழைத்தது. வெள்ளம் தாங்கும் பண்பைத் தரும் அதன் சப்1ஏ மரபணுவைக் கண்டறிந்து 2006-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அந்தப் பண்பை ஏற்றிய ஸ்வர்ணா-சப்1 ரகம் 2009-இல் இந்திய உழவர்களுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அது மீண்டு எழுகிறது.

இதை ஆய்வுக்கூடத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. வெள்ளத்தைத் தாங்கும் என்ற செய்தி விதையோடு ஒட்டிவந்தது; அதனால்தான் ஆய்வாளர் அதைத் தேடிப்போக முடிந்தது. ஊர் தெரியாத, குணம் தெரியாத விதை எத்தனை குளிரில் இருந்தாலும் யாருக்கும் உதவாது. உலகெங்கும் மரபணு வங்கிகளின் பெருங்குறை இதுவே என்பது என் உறுதியான கருத்து. உறைகள் பெருகிய வேகத்தில் குறிப்புகள் பெருகவில்லை.

விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உறுதிசெய்கிறது. அந்த விதையைப் பற்றிய அறிவு எந்தச் சட்டத்தாலும் தானாகத் தங்கிவிடாது. குழியடிச்சான் நெல் உவர்நிலத்தில் நிற்கும், காட்டுயானம் நெல் ஆளுயரத்துக்கு மேல் வளரும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாணவர்களே, வரும் விடுமுறையில் அவர்களிடம் உட்காருங்கள். எந்த மண், எந்தப் பட்டம், எத்தனை நாள் பயிர், எந்த நோயைத் தாங்கும், எந்தச் சமையலுக்கு ஆகும் என்று அவர்கள் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரையும் அவர் இசைவோடு சேர்த்து, ஒருபிடி விதையுடன் வங்கியில் ஒப்படையுங்கள்.