பஸ் ஏறுமுன் கேட்க வேண்டியவை



"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மலையேற உடம்பு வணங்கல" என்று பெரியவர்கள் குறைப்படுவதை எல்லாத் தோட்டங்களிலும் கேட்கிறோம். கொழும்புக் கடையில் காலை எட்டு மணி தொடக்கம் இரவு ஒன்பது மணி வரை நிற்கிற பிள்ளை சோம்பேறியா?

பின்னே ஏன் போகிறார்கள்? சம்பளம் முதற் காரணம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது. 2024இல் அடிப்படை 1350 ஆனது. ஆனால், அது வேலை கொடுத்த நாளைக்குத்தான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் கைக்கு என்ன வருமென்று யாருக்குத் தெரியும்? கடைச் சம்பளம் பெரிதில்லாவிட்டாலும் இவ்வளவுதான் என்று தெரியும். அடுத்தது மரியாதை. படித்த பிள்ளைக்குப் பெரட்டுக்களத்தில் ஏச்சு வாங்க மனமில்லை. முன்னே போன கூட்டாளியும் "வா மச்சான்" என்று கூப்பிடுகிறான். லயத்துக் காம்பரா கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் அம்மா மட்டும் தோட்டத்தில் பேர் போடுகிறார்.

போவது தப்பென்று நாங்கள் சொல்லமாட்டோம். ஏமாந்து போகவேண்டாம் என்றுதான் சொல்கிறோம். எங்களிடம் வந்த ஒரு தங்கச்சி ஒன்பது வருடம் துணிக்கடையில் நின்றவர். விலகும்போது சேமலாப நிதியில் அவர் பேரில் ஒரு சதமும் இல்லை. "அது தோட்டத்து ஆளுங்களுக்குத்தானே இருக்குன்னு நெனைச்சேன்" என்று அழுதார்.

அப்படியில்லை. ஒரேயொரு ஆளை வைத்திருக்கும் கடையானாலும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம். முதலாளி தன் பங்காக 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. ஆகவே, நியமனக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.

தோட்டத்தை விட்டு விலகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து வருடம் பூர்த்தியானால் வருடத்துக்கு 14 நாட்சம்பளம் வீதம் சர்வீஸ் காசு உண்டு. அதற்கு இரண்டு மாதம் இருக்கையில் சொல்லாமல் ஓடிப்போய் அதை இழக்காதீர்கள்.

பெற்றோரே, 16 வயதாகாத பிள்ளையை எந்தத் தரகர் கேட்டாலும் அனுப்பாதீர்கள். 2021 முதல் அது சட்டத்துக்கே விரோதம். மற்றப் பிள்ளைகள் போகட்டும். கையில் கடிதத்தோடு போகட்டும்.