மூன்று வாயும் ஒரு குரலும்

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதலாக, இந்நாட்டு மக்களின் செவி ஒரு பெட்டியிலிருந்து வரும் குரலுக்குப் பழகிற்று. செய்தியும் நாடகமும் பாட்டும் அந்த ஒரே வாயின் வழியாக வந்தன. பேசுகின்றவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. திரைப்படம் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்த பின்னரே அக்கேள்வி எழுந்தது. திரையில் ஒருவர் இடப்புறமிருந்து வலப்புறம் நடந்துகொண்டே பேசினால், குரலும் அவரோடு நடந்து செல்ல வேண்டும். நடந்தால் மட்டும் போதாது. நடக்கும்போது அது வேறொருவர் குரலாக மாறிவிடவும் கூடாது.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அது நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் இருப்பது. அங்கிருந்து மாத்தளை நகருக்கு வருவோர் ரிவஸ்டன் மலைப்பாதையில் ஏறி, ரத்தோட்டை வழியாக இறங்க வேண்டும். இரவுக் காட்சி பார்த்துவிட்டு வீடு திரும்புவது எளிய காரியமன்று. இத்தகைய ஊர்களில் வீட்டுக் கூடமே திரையரங்காகிறது. நெல் விற்ற பணத்தில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒலிபெருக்கிகளையும் வாங்க ஒரு குடும்பம் நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்வது யாது? பார்வைக்குக் கம்பீரமான இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை இருபுறமும் நிறுத்தப் பணத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர். எஞ்சிய தொகைக்குக் கிடைத்த சிறு பெட்டி ஒன்றை நடுவில் வைக்கின்றனர். இங்கேதான் பணம் வீணாகிறது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. இரு நாதஸ்வரக் கலைஞர்கள் இணைந்து வாசிக்கும்போது இருவர் கையிலும் ஒரே வகைக் கருவி இருக்க வேண்டும். ஒருவர் குட்டையான திமிரியையும் மற்றவர் நீண்ட பாரியையும் எடுத்துக்கொண்டால் எவ்வளவு வித்துவம் இருந்தும் இணை சேராது. ஒலிபெருக்கியும் அவ்வாறே. ஒரே சுரத்தை வீணையும் புல்லாங்குழலும் எழுப்பினாலும் இன்னது வீணை, இன்னது குழல் என்று செவி பிரித்தறிகிறது. அந்த நாதத்தன்மை முன்னணி ஒலிபெருக்கிகள் மூன்றுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

முன்னணிக்கு மூன்று வேண்டும் என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டு டிசம்பரில் இருவழி ஒலிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1933 ஏப்ரல் 27ஆம் நாள் மேலும் ஒரு படி சென்றனர். பிலடெல்பியா நகரில் இசைக்குழு வாசிக்க, அவ்வொலி மூன்று தனித்தனி வழிகளாக வாஷிங்டன் மண்டபம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, இடம், நடு, வலம் என வைத்த ஒலிபெருக்கிகளில் கேட்கப்பட்டது. அகன்ற மண்டபத்தில் இரண்டு மட்டும் இருந்தால் ஓரத்தில் அமர்ந்தவர்க்கு நடுவிலுள்ள ஒலி அருகிலுள்ள பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். நடுவிலுள்ளது அதனைத் திரையோடு கட்டி நிறுத்துகிறது.

இன்றைய திரைப்படங்களில் உரையாடலின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. ஆகவே அளவிற் சிறிதாயினும் பொறுப்பில் அதுவே பெரிது. பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் தாழ்ந்த ஒலிக்கு வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு டுவீட்டரும் உள்ளன. 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் ஒன்று மற்றொன்றிடம் வேலையை ஒப்படைப்பது வழக்கம். சொற்களின் மெய்யெழுத்துக்கள் தெளிவு பெறுவதும் ஏறத்தாழ அப்பகுதியிலேதான். இரு வேறு அமைப்புகள் இந்த ஒப்படைப்பை இரு வேறு விதமாகச் செய்வதால், பேச்சு நடுவைக் கடக்கும்போது நிறம் மாறுகிறது.

வாங்குவோர் முதலில் மூன்றும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா, டுவீட்டர் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரியான சிறு பெட்டிகளாயின் மிக நன்று. சிறு பெட்டிகள் பெரும்பாலும் இணையாகவே விற்கப்படுவதால் இரண்டு இணை வாங்க நேரலாம். நான்காவது பெட்டி பின்னாளில் உதவும். நடுவுக்கென்றே படுக்கை வாட்டத்தில் செய்த பெட்டியை வாங்கினால், இரு வூஃபர்களுக்கிடையே டுவீட்டர் மட்டும் உள்ளதைச் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பக்கத்தில் அமர்ந்தவர்க்கு அதிற் பேச்சு மங்கக்கூடும்.

உணர்திறன் டெசிபெல் அளவிற் குறிக்கப்படும். ஒன்று 86, மற்றொன்று 89 என்றால், முன்னதற்கு அதே ஒலியை எழுப்ப இரு மடங்கு வாட் வேண்டும். இந்த வேற்றுமையை ரிசீவரில் அளவை ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிடலாம். நாதத்தன்மையின் வேற்றுமையை அவ்வாறு முற்றாக நீக்க இயலாது. ஓம் அளவு ரிசீவர் ஏற்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் போதவில்லையெனில் என் செய்வது? பொருந்தாத நடுப்பெட்டியைச் சேர்ப்பதைவிட, ஒத்த இரண்டினை மட்டும் வாங்கி, நடு ஒலிபெருக்கி இல்லையென்று ரிசீவருக்குத் தெரிவித்துவிடலாம். அப்போது உரையாடல் இரண்டிற்கும் பகிர்ந்தளிக்கப்படும். நேர் நடுவில் அமர்ந்தவர்க்கு அது திரையிலிருந்தே வருவதுபோற் கேட்கும். மூன்றாவதைப் பின்னர் அதே வரிசையில் வாங்கலாம். ஆனால் அந்த வரிசை சந்தையில் நிலைக்குமா என்று முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

ஒத்தவற்றை வாங்கியும் ஒவ்வாத இடத்தில் வைத்தால் பயனில்லை. பார்ப்பவர் மூன்று மீற்றர் தொலைவில் அமர்ந்தால், இட வல ஒலிபெருக்கிகளுக்கிடையேயும் மூன்று மீற்றர் இருத்தல் உரிய அளவு. டுவீட்டர்கள் இயன்றவரை செவியின் உயரத்தில் நிற்கட்டும். ஒன்று சுவர் மூலையிலும் மற்றொன்று திறந்த கதவருகிலும் இருந்தால் இரட்டைப் பிள்ளைகளும் வேற்றாள் போலப் பேசுவர். சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவரும் எதிரொலிக்கும். முன்னே ஒரு தடித்த விரிப்பும் சாளரத்துக்குத் திரைச்சீலையும் போதிய அளவு அதனை அடக்கும். கம்பி இணைக்கையில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்க வேண்டும். ஒன்று மாறினும் நடுக்குரல் நிலைகுலையும்.

கடையிற் சோதிக்கும் வழியும் எளியதே. மழை இரைச்சல் போன்ற சோதனை ஒலியை ரிசீவர் தானே எழுப்பி ஒவ்வொன்றாக மூன்றிற்கும் அனுப்பும். கண்ணை மூடிக் கேட்க வேண்டும். மழை ஓரிடத்தில் தகரத்திலும் வேறோரிடத்தில் ஓலையிலும் பெய்வதுபோல் இருந்தால் அவை ஒத்தவையல்ல. அதன்பின் நன்கு பழகிய வானொலிச் செய்தியாளர் ஒருவரின் குரலை மூன்றிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். வானொலியிற் பழகிய செவி குரலில் ஏமாறாது. கூடத்தின் ஓரத்து நாற்காலியில் அமரும் செவி மங்கிய முதியவரையும் கடைக்கு உடன் அழைத்துச் செல்வது நல்லது. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கினால் துணிந்து பணத்தைக் கொடுக்கலாம்.